அவள் பழகி வந்த ஒரு சொல்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் எழுந்து போகலாம். அன்று பரிமாறியது இந்தக் கைதான்.

எங்கள் ஆயர், அதாவது பிஷப், ஜெரோனிம் போலந்து ராஜாவின் தூதராகப் பல வருடம் ஸ்பெயினில் இருந்தவர். அங்கே கவிதையும் எழுதினார், ஒரு மகளையும் பெற்றார். ஆயரான பிறகு அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. வயதாக ஆக மனசு கேட்கவில்லை. அந்த மகள் இசபெல்லைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். விஷயம் சமையல்காரியான எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம். எங்கள் ஊரில் செத்தவர்களும் அன்றைக்கு விருந்துக்கு வருவார்கள். அவர்கள் மேல் உட்கார்ந்துவிடக் கூடாதே! அதனால் நாற்காலியை ஊதிவிட்டுத்தான் உட்காருவோம். ஆயருக்கு அது சிரிப்பு.

"ஊதினா ஓடுறதுக்கு அதென்ன தூசியா, மகளே?"

என்னை மட்டுமில்லை, ஊரில் எல்லாப் பெண்களையும் அவர் 'மகளே' என்றுதான் கூப்பிடுவார்.

முதல் நட்சத்திரம் தெரிந்தது. பீட்ரூட் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவருகே ஒரு பெண்...

வண்டிச் சத்தம் கேட்கவில்லை. நாய்கள் குரைக்கவில்லை.

அடுப்புப் பக்கம் வந்து நின்றாள். தோளில் இருந்த பனி உருகவே இல்லை. பாவாடையிலிருந்து மட்டும்... சொட்... சொட்...

எங்கள் மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"அப்பா."

விருந்துக்கு வந்த பாதிரியார் ஆயரை நிமிர்ந்து பார்த்தார். "யாரு ஆண்டவரே இது?"

ஆயர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்... தங்கச்சி மக."

அடப்பாவி மனுஷா! ஊரையே மகளே என்று கூப்பிட்ட வாய்க்கு இவளிடம் அது வரவில்லையே!

அவள் அழவில்லை. காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். ரொட்டி எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தால்...

ஆள் இல்லை. நாற்காலி மெத்தை ஈரம்.

மறுநாள், அவளைக் கூட்டிவரப் போன வண்டிக்காரன் வந்தான். தனியாக.

விஸ்துலா ஆற்றுப் பனி உடைந்து வண்டி முழுகிவிட்டதாம். பெண் போய்ச் சேர்ந்து நாலு நாள் ஆகிறதாம்.

"வழி முழுக்க 'அப்பா', 'அப்பா'ன்னு சொல்லிப் பழகிட்டே வந்துச்சு, ஆண்டவரே. சரியாச் சொல்றேனான்னு என் மூஞ்சியையே பாக்கும்."

அடுத்த வருடம் அந்த நாற்காலியை ஊதக் குனிந்தேன். ஆயர் என் கையைப் பிடித்தார்.

"ஊதாதே, டோரோட்டா. எழுந்து போயிடுவா."

என்னை அவர் 'மகளே' என்று கூப்பிட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அன்று எல்லார் முன்னாலும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார்.

"மகளே... சாப்பிடும்மா."

நாற்காலி முன் வைத்த சூப் ஆறிப்போனது.

"மெத்தையத் தொட்டுப் பாரு" என்றார்.

தொட்டேன்.

காய்ந்துதான் இருந்தது.