மாடி வீட்டு மேஜைத் துணி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடி வீட்டில் எனக்குச் சாப்பாடு. போய்ப் பார்த்தால்... மேஜை வெறும் மேஜையாக இருந்தது.

துணி இல்லை. பூக்கிண்ணம் இல்லை. கருநீலத் தட்டு, சிவப்பு டம்ளர் — எதுவும் இல்லை. பழுப்பு சன்மைக்காவின் மேல் மூன்று எவர்சில்வர் தட்டுகள். அவ்வளவுதான்.

எல்லார் வீட்டிலும் அப்படித்தானே, இதில் திடுக்கிட என்ன இருக்கிறது என்கிறீர்களா? சொல்கிறேன்.

ஈஜிபுராவில் நாங்கள் இருப்பது கீழ் வீடு. மேலே கோமதியும் அவள் கணவர் தனசேகரும். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) வாணியம்பாடிப் பக்கத்துக்காரர்கள். தனசேகருக்கு நாற்பது வயது இருக்கும். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. அதாவது, மெஷினில் கடைந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து, இது சரி, இது தப்பு என்று பிரிக்கிற வேலை. தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் விடமாட்டார் என்று கோமதி பெருமையாகச் சொல்வாள்.

அவர்கள் வீட்டு ஹால் ரொம்பச் சின்னது. மேஜையில் நாலு பேர் உட்கார்ந்துவிட்டால், பிரிட்ஜைத் திறக்க ஒருவர் எழுந்து வழிவிட வேண்டும். அந்த மேஜையை மூன்று வருஷத்துக்கு முன்னால் கோமதி திடீரென்று அலங்கரிக்க ஆரம்பித்தாள். விருந்தாளி வரும் நாளில் மட்டும் அல்ல... தினமும்!

மஞ்சள் துணி விரிப்பாள். அதன் மேல் கருநீலப் பீங்கான் தட்டு. தட்டுக்கு வலது கைப் பக்கம் சிவப்பு டம்ளர். குழம்போ ரசமோ கொதிக்கக் கொதிக்க வந்தால், பாத்திரத்தை ஒட்டி ஒரு கிண்ணத்தில் செவ்வந்திப் பூ. கத்தரிக்காய்ப் பொரியல் என்றால் தட்டு வெள்ளைக்கு மாறும். தயிர் சாதம் என்றால் மறுபடி கருநீலம். பண்டிகை வந்தால் வாழை இலை.

“ஏன் கோமதி, ஒரு ரசம் சாதத்துக்கு இவ்வளவு ஜோடனையா?” என்று கேட்டேன்.

“சும்மாதான்க்கா. பாக்கறதுக்கு நல்லா இருக்குமில்ல?”

வீட்டு ஓனரம்மா கன்னடக்காரர். எங்களோடு பேசும்போது இரண்டு பாஷையையும் சேர்த்துப் பிசைந்துதான் பேசுவார். வாடகை வாங்க மாடி ஏறியவர் மேஜையைப் பார்த்துவிட்டு, “ஏனு கோமதி... உங்க மனேல தினா ஹப்பாவா?” என்று சிரித்தார். உங்கள் வீட்டில் தினமும் பண்டிகையா என்று கேலி.

“ஆமா ஆன்ட்டி. நீங்களும் ஊட்டாக்கு உக்காருங்க” என்று சாப்பிடக் கூப்பிட்டாள் கோமதி. சிரித்தபடியேதான் சொன்னாள்.

பத்திரிகை ஆபீசில் வருஷக்கணக்காக ப்ரூஃப் பார்த்த கண் என்னுடையது. ஒரு கால், ஒரு கொம்பு விடுபட்டிருந்தாலும் உறுத்தும். கோமதியின் மேஜையில் எந்தச் சாப்பாட்டுக்கு எந்தத் தட்டு என்பதுவரை கவனித்து வைத்திருந்தேன். கவனித்து, ஒரு முடிவுக்கும் வந்தேன். இந்தப் பெண்ணுக்கு நல்ல ரசனை!

ரசனை தொற்றக்கூடியது அல்லவா? நானும் ஒருநாள் எங்கள் வீட்டு மேஜையில் சிவப்புத் துணியை விரித்தேன். என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யார் வர்றாங்க?”

“யாரும் வரல.”

“அப்போ சட்டையை மாத்திட்டு வரட்டுமா, வேண்டாமா?”

மறுநாள் அந்தத் துணி இஸ்திரி போட அடியில் விரிக்கிற துணியாகிவிட்டது.

இது இப்படி இருக்க, புத்தாண்டு வந்தது. போன வருஷம் இல்லை, அதற்கு முந்தினது. அன்று காலை கோமதியின் தங்கை சுதா வந்திருந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அங்கேயே பி.ஜி.யில் ஜாகை. லீவு நாளில் அக்கா வீட்டுக்கு வந்தால் ஊரையே கூட்டுகிற கலகலப்பு. நான் கிண்ணத்தில் கேசரியோடு மாடி ஏறியபோது அக்காவைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தாள்.

“இன்னிக்கு டேபிள் நான்தான் வைப்பேன். நீ எட்டிப் பாக்கக் கூடாது.”

“சுதா, அவருக்கு வைக்கிறத மட்டும் நான் —”

“அதான் வேணாங்கறேன்! கலர் கலரா, கல்யாணப் பந்தல் மாதிரி வெச்சிருக்க. மேகசின்லலாம் பாக்கறதில்லையா நீ? ஒயிட்தான்க்கா கிளாஸ்!”

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்தாள். ஓரம் முழுக்கப் பின்னல் வேலை செய்த வெள்ளைத் துணி. வெள்ளைப் பீங்கான் தட்டுகள். வெள்ளைக் கிண்ணங்கள். நடுவில் ஒரு கொத்து சம்பங்கி. ஜன்னல் வெயில் விழுந்து மொத்த மேஜையும் பளீரென்று இருந்தது. உண்மையாகவே அழகு.

கோமதி வெளியே வந்தாள். துணியின் ஓரத்தைக் கையில் எடுத்தாள். பின்னலை விரலால் தடவினாள். “ரொம்ப நல்லா இருக்குடி...” என்றாள். அந்த முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த நொடியே அது அணைந்தது. தனசேகர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டிருந்தார்.

டிபன் என்ன? இட்லி, தேங்காய்ச் சட்னி.

தனசேகரின் கை மேஜைக்கு மேலே வந்து நின்றது. கொஞ்சம் இடது பக்கம் போயிற்று. பிறகு இறங்கி, தட்டுக்கு வெளியே துணியைப் பிய்க்கப் பார்த்தது. மறுபடி நகர்ந்து சட்னிக் கிண்ணத்தின் விளிம்பில் மோதியது. கிண்ணம் கவிழ்ந்தது.

சுதா சிரித்தாள். “என்ன மாமா, நைட் நியூ இயர் பார்ட்டியா? இன்னும் எறங்கலையா?”

அவரும் சிரித்தார். “ஆமாம்மா. உங்க அக்காக்குத் தெரியாம போனேன். போட்டுக் குடுத்துடாத.”

சட்னி கவிழ்ந்தது எங்கே என்று அவர் குனிந்து தேடினார். வெள்ளையில் வெள்ளை. முழங்கையை நேராக அதன் மேலேயே ஊன்றினார்.

சுதாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

கோமதி உள்ளே போய்க் கருநீலத் தட்டை எடுத்து வந்தாள். இட்லிகளை அதற்கு மாற்றி அவர் முன்னால் வைத்தாள். அவர் கை தயங்காமல் போய் இட்லியை எடுத்தது.

அந்த மேஜைக்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சமையலறையில் கோமதி சொன்னாள். “ஒரு வருஷமா இப்படித்தான்க்கா. ஓரமெல்லாம் போயிடுச்சு. குழாய்க்குள்ள பாக்கற மாதிரி நடுவுல மட்டும் தெரியுதாம். கண்ணுக்கு உள்ள திரை மாதிரி ஒண்ணு இருக்காமே, அது கொஞ்சம் கொஞ்சமா செத்துட்டு வருதாம். ஆபரேஷன் கெடையாது, கண்ணாடி கெடையாதுன்னுட்டாங்க. எவர்சில்வர் தட்டுன்னா பளபளன்னு அடிச்சு எதுவுமே தெரியல அவருக்கு.”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“அளந்து பாக்கற வேலைக்கா. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா வெச்சிப்பாங்களா? சுதாவுக்குக்கூடச் சொல்லல.” குழாயைத் திறந்து வெறுமனே கையை நனைத்துக்கொண்டாள். “ஊட்டி விடட்டுமான்னு ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுட்டேன். அன்னிக்கு அவர் சாப்பிடவே இல்ல. அப்புறந்தான் இந்தக் கலரெல்லாம் யோசிச்சேன். அவரா எடுத்துச் சாப்பிடணும். அவ்ளோதான்க்கா எனக்கு.”

நம் சாப்பாட்டில் எத்தனை வெள்ளை என்று யோசித்திருக்கிறீர்களா? சோறு, இட்லி, இடியாப்பம், ஆப்பம், தயிர், மோர், தேங்காய்ச் சட்னி, உப்பு... எவ்வளவு வெள்ளை! பண்டிகை நாளில் தனசேகர் மற்ற நாளைவிட வேகமாகச் சாப்பிடுவாரே, அதன் காரணமும் விளங்கியது. பச்சை இலையில் வெள்ளைச் சோறு. எந்த மூலையில் என்ன இருக்கும் என்பது கைக்கு ஏற்கெனவே தெரியும். செவ்வந்திக் கிண்ணம் அழகுக்கு அல்ல. பூ இருக்கிற பக்கம் சூடு, கையைக் கொண்டு போகாதே என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் நான் பார்த்திருந்தேன். ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

சுதா அழுது முகம் வீங்கி, வெள்ளைத் துணியைத் திருப்பி எடுத்துப் போகிறேன் என்றாள். கோமதி விடவில்லை. துவைத்து, மடித்து, பீரோவில் வைத்தாள்.

அதற்குப் பிறகு தனசேகரின் கண்ணைப் பற்றி நான் விசாரித்ததே இல்லை. அவசியம் இருக்கவில்லை. மொட்டை மாடிக் கொடியில் காய்கிற மேஜைத் துணியைப் பார்த்தாலே அவர் கண்ணின் நிலவரம் தெரிந்துவிடும். மஞ்சள் கொஞ்ச நாள் காய்ந்தது. பிறகு ரத்தச் சிவப்பு. மழைக் காலம் வந்தபோது கறுப்பு. கறுப்புத் துணியைக் கொடியில் பார்த்த ஓனரம்மா, “ஏனம்மா இது? அபசகுனம் மாதிரி...” என்று முகம் சுளித்தார். கோமதி, “அழுக்கு தெரியாது ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வேலை? அதை அவரே முடித்துக்கொண்டார். ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னார்.

“ஒரு பீஸ் அக்கா. அளக்கற வெர்னியர்ல கோடு சரியா தெரியல. சரியாத்தான் இருக்கும்னு அனுப்பிட்டேன். சாயந்தரம் திரும்பி வந்துடுச்சு. இன்னிக்குத் திரும்பி வந்துது. நாளைக்கு வரலைன்னா? யாரோ ஏறிப் போற லிஃப்ட்ல இல்ல போய் உக்காரும் அது? மறுநாள் நானே போய் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“டெலிபோன் போர்டுல உக்கார வெச்சிருக்காங்க. காது நல்லா கேக்குதாம் எனக்கு!” சிரித்தார். இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குப் போட்டுப் போன வெள்ளைக் கோட்டைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள் கோமதி. அதுவும் ஒருநாள் அதே கொடியில் காய்ந்ததைப் பார்த்தேன்.

இந்த மாதம் கொடியில் மேஜைத் துணியே இல்லை.

மழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மழை இல்லை என்பது எனக்கே தெரியும்.

அதனால்தான், போன ஞாயிறு அந்த வெறும் மேஜையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். சமையலறையிலிருந்து வந்த கோமதி என் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, “உக்காருங்கக்கா. சூடா இருக்கு, சாப்பிடலாம்” என்றாள்.

உட்கார்ந்தோம். தட்டை என் பக்கம் நகர்த்தினாள். சன்மைக்காவில் எவர்சில்வர் கிரீச்சிட்டது.

“கோமு” என்றார் தனசேகர். “துணி எங்க?”

“என்னங்க?”

“மேஜைக்குப் போடுவியே, துணி. கொஞ்ச நாளாவே தட்டு வெச்சா டங்கு டங்குன்னு கேக்குது. துவைக்கப் போட்டிருக்கன்னு நெனச்சேன். இன்னிக்கு அக்கா வந்திருக்காங்க, இன்னிக்குமா?”

“இனிமே எதுக்குங்க...”

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, வாயை மூடிக்கொள்கிற மாதிரி முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஸ்டார்ட் ஆகாமல் உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

தனசேகர் கோபப்படவில்லை. மேஜையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

“எனக்குத் தெரியலைன்னா உனக்குமா தெரியாது? நீயும் இதே மேஜைலதான சாப்பிடற?”

கோமதி எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு துணியை எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். “குழம்பு வாசனை பிரமாதமா இருக்கு அக்கா, இல்ல?” என்றார். ஆமாம் என்றேன்.

வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. கையில் இருந்தது கறுப்பு அல்ல, சிவப்பு அல்ல. மடிப்புக் கலையாத வெள்ளை.

காலித் தட்டுகளை எடுத்து நான் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் விரித்தாள். தனசேகரின் விரல்கள் ஓரத்தைத் தேடிப் பிடித்தன. பின்னல் வேலையை ஒவ்வொரு துளையாகத் தொட்டுக்கொண்டே போயின.

“சுதா குடுத்ததா?”

“ம்.”

“வெள்ளை.”

“ம்.”

“அன்னிக்கே உனக்கு ரொம்பப் புடிச்சுது. உன் குரல்லயே தெரிஞ்சுது எனக்கு. என்னாலதான் உள்ள வெச்சுட்ட.” பின்னலை விட்டுவிட்டு, கையை மேஜை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டார். “இனிமே இதையே போடு. நான் பாத்து சாப்பிட்டுக்கறேன்.”

கோமதி இல்லாத சுருக்கத்தை நீவி விட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பரிமாறிவிட்டு, அவர் கையை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தாள். “இங்க சோறு. இந்தப் பக்கம் உருளைக்கிழங்கு. அப்பளம் மேல இருக்கு” என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, மெதுவாக, தானாகவே பிசைந்து சாப்பிட்டார்.

சுண்டைக்காய் வற்றல் குழம்பு. அன்று அந்த வெள்ளைத் துணியில் குழம்பைச் சிந்தியது ஒரே ஒரு ஆள்தான் — கண் நன்றாகத் தெரிகிற நான்.