வாசல் சிம், கொல்லை சிம்

“டவர் எடுக்கும்னு சொல்றியே, நீ போயி பாத்தியா தம்பி?”

சிதம்பரம் பேருந்து நிலையத்தில், குடை விரித்து சிம் விற்கும் வினோத்குமாரின் மேசைமேல் காலி அன்னக்கூடையை வைத்துவிட்டு ஜெயராணி கேட்டுக்கொண்டிருக்கிறார். கூடையிலிருந்து சொட்டும் மீன் தண்ணீர் விளம்பரத் தாளை நனைக்கிறது. அதைத் துடைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

காலையெல்லாம் அண்ணாமலை நகர் குடியிருப்புகளில் சங்கராவும் கிழங்கானும் விற்பவர். எங்கள் வீட்டுக்கும் அவர்தான் மீன் தருகிறார். ஆய்ந்து கொடுப்பதற்குமுன் என் கைப்பேசியைக் காட்டச் சொல்லி டவர் எத்தனை கோடு இருக்கிறது என்று பார்ப்பார். எப்போதும் முழுதாக இருக்கும். “ஒங்களுக்கு கக்கூஸ்லகூட எடுக்குது” என்று சொல்லிவிட்டு மீன் தலையைச் சற்று ஓங்கியே வெட்டுவார்.

அவர் ஊர், கிள்ளைக்கு அப்பால் கழிமுகத்தை ஒட்டிய ஒரு குப்பம். கம்பெனிகளின் பெயர் அவர் வாயில் நுழையாது. வீட்டு வாசலில் நின்றால் எடுப்பது வாசல் சிம். முருங்கை மரத்தடியில் எடுப்பது கொல்லை சிம். இன்னொன்று மாரியம்மன் கோயில் மதில்மேல் ஏறினால் மட்டும் பேசும். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயரை அச்சிட முடியாது.

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே கம்பெனியை வைத்திருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஒன்று படுத்தால் இன்னொன்றாவது எழுந்திருக்குமாம். மகன் மணிவண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், நகை நட்டு பற்றிப் பேசுமுன் பெண் எந்த சிம் வைத்திருக்கிறாள் என்று விசாரித்தவர். தங்கள் வீட்டில் இல்லாத கம்பெனி என்றதும் அங்கேயே தட்டு மாற்றிக்கொள்ளத் தயாராகிவிட்டாராம். அந்த மருமகள் சரண்யாவுக்கு இப்போது நிறைமாதம்.

அதனால்தான் இவ்வளவு கோபம். போன ஐப்பசி மழையில் எதிர்வீட்டு இருசம்மாளின் மகளுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட ஆளுக்கொரு போனோடு வாசலுக்கும் கொல்லைக்கும் கோயிலுக்கும் ஓடினார்கள். ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை. மீன் ஏற்றும் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். குழந்தை வழியிலேயே போய்விட்டது. மறுநாள் காலையில் எல்லாப் போனிலும் ரீசார்ஜ் செய்யச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்து விழுந்தது.

“அதுக்கு மட்டும் வழி தெரியுது பாருங்க” என்றார் என்னிடம். நகரத்தில் நாங்கள் கட்டும் அதே தொகையைத்தான் அந்தக் குப்பமும் கட்டுகிறது. கேட்டதிலிருந்து எனக்கும் சிம் கம்பெனிகளின் விளம்பரப் பலகைகளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

வினோத்குமார் பொறுமைசாலி. தன் போனில் வரைபடத்தைத் திறந்து மேசைமேல் வைத்துக் காட்டினார். சிதம்பரத்திலிருந்து கடல்வரை ஒரே பச்சை. கரையைத் தாண்டியும் கொஞ்சம் பச்சை வழிந்திருந்தது.

“தண்ணியிலகூட பச்சை அடிச்சு வெச்சிருக்கீங்க. எங்கூட்டுக்காரு தெனம் அங்கதான் போறாரு. அவருக்கு ஒரு நாளும் எடுத்ததில்ல.”

அது கம்பெனி போட்ட படம், தான் விற்கிறவன் மட்டுந்தான் என்று வினோத்குமார் விளக்கினார். புகார் எண் ஒன்றையும் எழுதித் தந்தார். அந்த எண்ணுக்குப் பேசவும் டவர் வேண்டுமே என்று கேட்டார் ஜெயராணி. ஆனாலும் வினோத்குமார் விற்பனையை விட மனமில்லாமல், வீட்டுக்குள்ளேயே கண்டிப்பாக எடுக்கும் என்று மறுபடி சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது.

“எடுக்கும்னா வா. எம் மருமவ படுத்திருக்கிற எடத்துல நின்னு ஒரு போன் பண்ணிக் காட்டு. தெருவுக்கே நான் வாங்க வெக்கிறேன்.”

கடையை விட்டுவிட்டு எப்படி வருவது என்று வினோத்குமார் சிரித்தார்.

கிள்ளை பேருந்து கிளம்ப உறுமியது. ஜெயராணி அவருடைய போனைப் பச்சை வரைபடத்தோடு எடுத்து அன்னக்கூடையில் போட்டு, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். குடையடியிலிருந்து வினோத்குமார் பதறி ஓடிவருவது தெரிந்ததும், தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை அவிழ்த்து உதறி, முன் இருக்கையில் போட்டு அவருக்கு இடம் பிடித்தார்.