படகு கேம் எதில் ஓடும்?

ஹட்டன் டவுனில் ஒரு கேம் கடையில் பதினொரு வருஷமாக விற்பனையில் நிற்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பற்றி எழுதுகிறேன்.

1. கறுப்பா, வெள்ளையா

அப்போது எங்களிடம் இரண்டு கம்பனிகளின் கொன்சோல்கள், அதாவது டீவியில் மாட்டி கேம் விளையாடும் பெட்டிகள், இருந்தன. ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை. கறுப்புதான் வேகம், விலையும் குறைவு. "கறுப்ப முதல்ல தள்ளும்மா" என்று முதலாளி சொல்லி வைத்திருந்தார்.

பூண்டுலோயாவிலிருந்து ஆரோக்கியம் அண்ணன் வந்தார். தேயிலை பெக்டரியில் எலக்ட்ரீஷியன், ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் கறுப்பின் பெருமைகளை அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படகு ஓட்டுற கேம் இதுல வருமா தங்கச்சி?" என்றார்.

"அது வெள்ளைக் கம்பனி செஞ்சது அண்ணே. அவங்க மெசின்ல மட்டுந்தான் ஓடும்."

"அப்ப வெள்ளையே குடுங்க."

அவர் மகள் மெர்லின் டோஹாவில் நர்ஸ். வீட்டில் இருந்தவரை இருவரும் அந்தக் கேமைத்தான் விளையாடினார்களாம். போகும்போது கொன்சோலை அவள் எடுத்துப் போய்விட்டாள்.

"போன்ல 'சாப்டியா'ம்பேன். 'சாப்டேன்ப்பா'ம்பா. அதுக்கு மேல எங்களுக்குப் பேச்சு வராது. படகுல ஏறிட்டாத்தான் வாய் மூடாது."

2. கடையில் ஓடிய படகு

அன்று வெள்ளிக்கிழமை. மகளுக்கு லீவு. ஓட்டிப் பார்த்தே வாங்குவேன் என்றார். கடை டீவியில் மாட்டி, இன்டர்நெட்டும் மைக்கும் போட்டுக் கொடுத்தேன்; அவர் மகளுக்குப் போன் செய்து விளையாட வரச் சொன்னார். திரையில் ஆற்றங்கரை வந்தது. படகில் மஞ்சள் கோட் போட்ட பெண்ணுருவம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

"அப்பா, வந்துட்டீங்களா? ஏறுங்க!" டீவியிலிருந்து மெர்லினின் குரல்.

அண்ணன் பட்டனை மாற்றி அழுத்தித் தண்ணீருக்குள் விழுந்தார். அவள் சிரித்தது கடை முழுக்கக் கேட்டது. இருவரும் ஒன்றாகத் துடுப்புப் போட்டால்தான் படகு நேராகப் போகும், இல்லாவிட்டால் வட்டமடிக்கும். வெகுநேரம் வட்டமடித்தது. பிறகு நேரானது.

"அங்க எப்பிடிம்மா இருக்கு?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மஞ்சள் கோட் இரண்டு முறை துடுப்புப் போட்டது. "நேத்து ரூம்ல ஒக்காந்து அழுதேன்ப்பா."

படகு சாய்ந்தது.

"துடுப்ப விட்டுறாதம்மா. நானும் போடுறேன்ல."

நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கவுண்டரின் மறுமுனைக்குப் போய், துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தேன்.

3. பிறகு

சில வருஷங்களில் அந்தக் கேம் கறுப்பிலும் வந்தது. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பழசக் குடுத்துட்டு மாத்திக்கலாம் அண்ணே, படம் இன்னும் தெளிவா இருக்கும்."

"கறுப்புல இருந்துக்கிட்டு வெள்ளையில இருக்கறவங்களோட வெளையாடலாமா?"

"முடியாது அண்ணே."

"மெர்லின் வெள்ளையிலதானே இருக்கா. எனக்கெதுக்கு தங்கச்சி தெளிவு?"

அதற்குப் பிறகு வேகம், மெமரி என்று நான் ஆரம்பிப்பதில்லை. "யாரோட வெளையாடப் போறீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் ஒரு பேரைச் சொல்வார்கள். நம் பக்கத்தில் நிறையப் பேர் ஊரின் பேரைத்தான் சொல்கிறார்கள்: கொழும்பு, துபாய், டோஹா. அங்கே இருப்பவரிடம் எந்தப் பெட்டி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, அதையே எடுத்துக் கொடுங்கள்.