அண்ணன் வீட்டு முகவரி

என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருந்த வருடங்களில் நாங்கள் குடியிருந்தது டெக்சாஸில். ஆனால் நிரந்தர முகவரி என்று யார் கேட்டாலும் நியூ ஜெர்சியில் இருக்கும் தன் அண்ணன் வீட்டைத்தான் எழுதிக் கொடுப்பார். லைசென்ஸ், ஓட்டு, வரி எல்லாம் அங்கேதான். மாற்றுங்கள் என்றால், "அண்ணன் தப்பா எடுத்துப்பாருடி. பிரிஞ்சு போயிட்ட மாதிரி ஆயிடும்" என்பார். மூத்தவர் இருக்குமிடம்தான் நிரந்தரம் என்பது நம் ஆட்களின் ரத்தத்தில் ஊறியது. ராணுவத்தை விட்டு வந்து டெக்சாஸிலேயே இர்விங்கில் வீடு வாங்கிய பிறகுதான் டெக்சாஸ் லைசென்ஸே எடுத்தார்.

அதே கையோடு ஒரு உணவகமும் தொடங்கினார். ஒரே வருடத்தில் அது படுத்துவிட்டது. கடன் கழுத்தை நெரிக்க, திவால் மனு போடலாம் என்று வக்கீலம்மாவிடம் போனோம். குடியிருக்கும் வீட்டில் கடன்காரர்களைக் கைவைக்க விடாது டெக்சாஸ் சட்டம். அந்தத் தைரியத்தில்தான் போனோம்.

வக்கீலம்மா காகிதங்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ராணுவம் அனுப்பி இங்கே இருந்த வருடங்கள் கணக்கில் வராதாம். காகிதத்தின்படி என் கணவர் அப்போது நியூ ஜெர்சிக்காரர். டெக்சாஸ்காரராகி இரண்டு வருடம் முடியாமல் மனு போட்டால் இந்த ஊர்ச் சட்டம் காப்பாற்றாது, வீடே போகலாம். நவம்பரில்தான் அந்த இரண்டு வருடம் முடிகிறது, பொறுங்கள், அதுவரை வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விடாதீர்கள் என்றார்.

பொறுக்கச் சொல்வது வக்கீலுக்குச் சுலபம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் அடித்தால் கடன்காரரோ என்று எடுக்காமலே விட்டேன். வாசலில் கார் நின்றால் திரையை விலக்கிப் பார்த்தேன். மடித்து வைத்த துணிகளையே எடுத்து மறுபடி மடித்தேன்.

ஜூலையில் வேறு மாநிலத்தில், சன்னிவேலில் இருக்கும் கம்பெனி ஒன்று என் கணவரை வேலைக்குக் கூப்பிட்டது. நல்ல சம்பளம். ஆனால் அடுத்த மாதமே அங்கே குடிவந்துவிட வேண்டும்.

"நவம்பர்ல ஜாயின் பண்றேன்னு கேட்டுப் பாருங்களேன்."

கேட்டார். மறுநாள் சமையலறைக்கு வந்து, "வெயிட் பண்ண முடியாதுன்னுட்டாங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "விடு. வீடு நம்மகிட்டயே இருக்கும்ல" என்றார்.

ராணுவம் போ என்ற இடத்துக்கெல்லாம் மறுபேச்சில்லாமல் போனவர். தானாக ஆசைப்பட்டுப் போக நினைத்தது இந்த ஒரு ஊருக்குத்தான். எந்த வீடு கைவிட்டுப் போகக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்தேனோ, அதே வீட்டின் அடுப்படியில் நின்றுகொண்டு அதை அன்றைக்கு முழு மனதாக வெறுத்தேன்.