பிரேக் மிதிக்கப் போன காலம்

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாகி நான் குரும்பலூர் வந்தபோது, அரியலூரில் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு பெங்களூர், பம்பாய் என்று போய்க்கொண்டிருந்தார். போனால் பதினைந்து நாள், இருபது நாள். வந்தால் ஒரு ராத்திரியும் மறுநாள் மத்தியானம் வரையும்தான். அந்தக் காலை நேரத்திலும் பாதியை லாரிக்கு அடியில் கழிப்பார்.

வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில்தான் வண்டியை நிறுத்துவார். கிளீனர் தன் வீட்டைப் பார்க்கப் போயிருப்பார். பிரேக்கை மட்டும் இவர் பட்டறையில் விட மாட்டார். "முடுக்கி உடுறவனா மலையெறங்கப் போறான்? நான்தான எறங்கணும்" என்பார். சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, காற்றுத் தொட்டியின் அடியிலிருக்கும் திருகைத் திறந்து, உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியே விடுவார். எண்ணெய் கலந்து பழுப்பாக வரும். பிறகு இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை ஏற்றி, அணைத்துவிட்டு, ஸ்பேனரோடு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க ஓர் ஆள் வேண்டும்.

"ஏ புள்ள, கொஞ்சம் வா. மிதின்னா மிதி, உடுன்னா உடு. வேற ஒண்ணும் தொடாத."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவ்வளவு உயரத்தில் ஏற முதல்நாள் வெட்கமாக இருந்தது. தெருவே பார்ப்பது போலிருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு இறங்க மனசு வரவில்லை. சீட்டில் அவர் முதுகு பட்டுப் பட்டு ஒரு குழி விழுந்திருந்தது. அந்தக் குழியில் என் முதுகைச் சாய்த்துக்கொண்டேன்.

நான் மிதித்தால், சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வெளியே நீளும். எவ்வளவு நீளுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பார்ப்பார். அதிகம் நீண்டால் பிரேக் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். சக்கரம் பிடிக்கும்வரை நட்டை முடுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்துவார். இப்படி நான்கு பக்கமும். அடியிலிருந்தே பேசிக்கொண்டிருப்பார். பம்பாய்க்கு முந்தின கண்டாலா மலையிறக்கத்தில் மழை பெய்தது, ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் தமிழில் பேசியது. முகத்துக்கு நேராக அவ்வளவு பேசமாட்டார். முகம் தெரியாதபோதுதான் அவருக்குப் பேச்சு வந்தது. எனக்கும்தான்.

"அங்கல்லாம் என்னய நெனப்பீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. "வண்டி நிக்கறப்ப நெனப்பேன். ஓடறப்ப நெனச்சா ஆவுமா?" என்றார்.

இன்ஜின் பக்கமே இருந்திருந்து அவருடைய இடது காது மந்தமாகியிருந்தது. ஒரு சித்திரை மாதக் காலையில் நான் மிதித்துக்கொண்டிருந்தபோது பின்பக்கம் மெல்லிய சீறல் கேட்டது. சொன்னேன். தனக்குக் கேட்கவில்லை என்றார். "இல்லீங்க, காத்து போவுது" என்று அடித்துச் சொன்னேன். சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தால் பின்சக்கரத்தில் பிரேக் கம்பியைத் தள்ளும் காற்றுக் கிண்ணத்தின் விளிம்பில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய் ரப்பர் வாங்கி வந்து மாட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்று அவர் போகவில்லை. மறுநாள் விடியலில் செட்டிகுளம் போய் மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். படியில் எனக்காக நின்று நின்று ஏறினார். கிழிந்த ஒரு ரப்பரால் கிடைத்த நாள் அது.

அந்த ருசிதான் என்னைக் கெடுத்தது. இரண்டு மாதம் கழித்து அவர் வந்திருந்தபோது, மிதித்துக்கொண்டே, "பின்னாடி சத்தம் வருதுங்க" என்றேன். ஒரு சத்தமும் வரவில்லை.

அவர் நுரை கலக்கினார். பின்சக்கரம் இரண்டையும் பார்த்தார், முன்சக்கரத்தைப் பார்த்தார், குழாய் முழுக்கத் தடவினார். வெயில் ஏறிவிட்டது. சட்டையெல்லாம் மண்.

"இன்னும் கேக்குதா?"

"கேக்குது."

மறுபடியும் படுத்தார். மேலே உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. இனி நிஜமாகவே காற்றுப் போகும்போது நான் சொன்னால் இவர் நம்புவாரா? மலையிறக்கத்தில் இவர் கால் மிதிக்கும்போது என் பொய்யல்லவா அங்கே நிற்கும்? காலை எடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். மண்டியிட்டு, அடியில் கிடந்தவரிடம் சொன்னேன்.

"சத்தம் வரலீங்க. பொய் சொல்லிட்டேன். நீங்க போவக் கூடாதுன்னு."

திட்டுவார் என்று நினைத்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "தெரியும். அன்னிக்கு நெசமா கேட்டப்ப கத்துன. இன்னிக்கு முனகுன" என்றார். பிறகு, "இதுல மட்டும் பொய் சொல்லாத புள்ள. உன் காத நம்பித்தான் நான் எறங்கறேன்."

நான் அழுதுவிட்டேன். அவர் குளித்தார், சாப்பிட்டார். கிளம்பும்போது வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "அரியலூரு வரைக்கும் வரியா? லோடு ஏத்தற எடத்துலேர்ந்து பஸ்ல ஏத்தி உடறேன்" என்றார்.

கட்டியிருந்த புடவையோடு ஏறிவிட்டேன். பெரம்பலூரில் கிளீனர் வந்து ஏறினார். என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் பின்னால் பாடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அரியலூர் நெருங்க நெருங்கச் சாலையோரத்து வேலிச்செடிகளெல்லாம் சுண்ணாம்புத் தூசியில் வெளுத்திருந்தன. ஆலைக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. எங்கள் முறை வரும்வரை அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்து, வழிக்கென்று அவருக்குக் கட்டிக்கொடுத்திருந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். தன் அப்பா செத்தபோது ஊரில் இல்லாமல் போனதை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். கண் கலங்கவில்லை. சோற்றை மட்டும் கையில் வெகுநேரம் பிசைந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டார். அந்தத் தடவை திரும்பி வர ஒரு மாதமாயிற்று.

அதன்பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், வண்டி மாறியது, முதலாளி மாறினார். பம்பாய்க்கும் அப்பாலெல்லாம் போய் வந்தார். எத்தனையோ தடவை அரியலூர் வழியாகத்தான் போனார். இன்னொரு தடவை கூட்டிப்போகச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுப்பில் சோறு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. கேட்டிருந்தால் கூட்டிப் போயிருப்பார். அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. இப்போது கேட்கத் தோன்றுகிறது.