தரைத்தகடு

ஆம்பூரில் இருக்கும் என் பட்டறைக்குப் பழைய திறந்த கார் ஒன்று புதுப்பிக்க வந்திருந்தது. துரு தின்ற தரைத்தகட்டை மாற்றுவதற்காக ரப்பர் விரிப்பை உரித்ததும் வெல்டர் அன்வர் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இன்னாண்ணா இப்டி நாறுது? எலி கிலி செத்துடுச்சா?"

"எலி இல்லடா, பச்சைத்தோல்" என்றேன்.

அப்பா ஓட்டிய கார் அது. அவர் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி புதுக் கார் வாங்கியதும் இதைத் தோல் ஏற்ற விட்டுவிட்டார். குடியாத்தத்திலிருந்து உப்புப் போட்ட ஆட்டுத்தோல்களை அடுக்கிக்கொண்டு வரும் அப்பா, வழியில் எங்கள் ஊரான மாதனூரில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஆம்பூர்ப் பள்ளியில் இறக்கிவிடுவார். வண்டி குலுங்கும்போதெல்லாம் ரத்தமும் மயிரும் கலந்த பழுப்புத் தண்ணீர் என் செருப்புக்குள் ஏறும், ஈக்கள் உதட்டில் உட்காரும், வகுப்பில் என் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே இருக்கும். அந்த உப்புத் தண்ணீர்தான் இந்த இரும்பை அப்பளம்போல் உதிரவைத்தது. அப்பாவின் குதிகால்களும் அதில் ஊறி வெடித்துக் கிடந்தன.

அவர் கால் கழுவிய வாளியில் குளிக்கமாட்டேன் என்று ஒருநாள் கத்தினேன்.

"சோப்புப் போட்டுத் தேய்ச்சுட்டேன்டா, நாத்தம் வராது" என்றார்.

வாளியை எட்டி உதைத்தேன்.

மறுநாள் குழாயடியில் ஒரு புது வாளி இருந்தது. "அது உனக்கு மட்டும்" என்றார் அப்பா. அம்மாவிடம் சொல்லி வாங்கவைத்திருந்தார். கடைசிவரை அவர் அதைத் தொடவே இல்லை.