பந்தைப் பிடித்த கை

இன்று காலை லண்டன் ரெய்னர்ஸ் லேன் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் முழுப் பல்லும் தெரிய வந்தார்.

"தங்கச்சி, மகள் பெரிய கெட்டிக்காரியாம். வீடியோ பாத்தனான். சங்க விழாவிலை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போடப்போறம்."

போன ஞாயிறு இறுதிப்போட்டி. அமெரிக்கன் ஃபுட்போலில் என் மகள் ரிசீவர். எறிகிற பந்தை ஓடிப் பிடிப்பது அவள் வேலை. கடைசிப் பந்தை, இரண்டு பேர் மேலே பாயப் பாயப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு அப்பால் விழுந்தாள். வென்றார்கள். அதில் சின்னவிரல் முறிந்ததைக் கோப்பை வாங்கும்வரை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவள் அணியில் சேர்ந்தபோது, "பொம்பிளைப் பிள்ளையை ஏன் உந்த விளையாட்டுக்கு விடுறியள்? நாளைக்கு ஆர் இவளைக் கட்டுவினம்?" என்று கேட்டவரும் இதே தலைவர்தான்.

"கேட்டுப் பாக்கிறன் அண்ணை" என்றேன்.

கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சாறி உடுத்திக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கையிலை கட்டுப் போட்டிருக்கெல்லே, அதைச் சாறித் தலைப்பாலை மூடிவிடுங்கோ. போட்டோ எல்லா இடமும் போகும். கலியாணம் பேசுற வயசு."

பந்தைப் பிடித்தது அந்தக் கைதான் என்று வாய்வரை வந்தது. முருங்கைக்காய்க்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மகளிடம் நான் இதைச் சொல்லப்போவதில்லை. அந்தக் கையை மூடச் சொல்லத் துணிவுள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம். யார் யார் வருகிறீர்கள் என்று இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். தேநீர் நான் போடுகிறேன்.

கதவை அவள் திறப்பாள்.